சுப்பராயலுவின் தாடைத் தழும்பு

பொன்னேரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது தேவியின் செவித்திறன் பரிசோதனை நிலையம். நாள் முழுக்க ஹாரன் அலறும் இடத்தில் காது சோதிக்கிறார்களாமே என்று கேலி பேசாதவர்கள் இல்லை. அந்தக் கேலிக்குப் பதிலாகவே உள்ளே சத்தம் புகாத அறை ஒன்றைக் கட்டியிருந்தார் தேவி. கட்டிக்கொடுத்தவன் சந்தோஷ். பழுதான டிவியை ரிப்பேருக்குக் கொடுக்காமல் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கும் காலம் வந்ததும், மெக்கானிக் கடையை மூடிவிட்டு இங்கே வந்து சேர்ந்தவன். வயது நாற்பத்திரண்டு. எந்த இயந்திரமும் அவன் கைக்கு அடங்கும். அவன் வாய் மட்டும் யாருக்கும் அடங்காது.

தை பிறந்த இரண்டாம் வாரம், ஒரு வியாழக்கிழமை காலையில் இருபத்துநாலு, இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி படியேறி வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காராமல், நான்காக மடித்த ஒரு சீட்டை மேசைமேல் வைத்தாள்.

"இது நீங்க எழுதினதுதானே மேடம்?"

தேவி பிரித்துப் பார்த்தார். அவர் கையெழுத்துதான். 'பதில்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. நம்பத்தக்கவை அல்ல. மறுபரிசோதனைக்கு வரவும்.' கீழே இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி.

"ஆமா. யாருக்கு எழுதினது?"

"எங்க நைனாவுக்கு. சுப்பராயலு. நான் அவரு பொண்ணு நந்தினி. தோணிரேவுக்கு அந்தாண்ட எங்க குப்பம். பழவேற்காட்டுல கேம்ப் போட்டீங்களே, அங்க வந்தாரு. இந்தச் சீட்டத்தான் இப்ப ஊரே சொல்லிக்கினு கீது. அந்தாளு செவுடு இல்ல, நடிக்கிறான், டாக்டரம்மாவே எழுதிக் குட்த்துட்டாங்கன்னு."

சந்தோஷுக்குச் சட்டென்று நினைவு வந்தது. வெளியே ஜெனரேட்டர் ஓடிய கூடம். மெல்லிய குரலில் பேசிய ஒரு மீனவர். 'பெருசு நடிக்குது மேடம்' என்று அன்றைக்கு அவர் காதுபடவே சொன்னது வேறு யாருமில்லை, இவன்தான். இன்றைக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டு தண்ணீர் கொண்டுவரப் போனான்.

அவன் திரும்பி வருவதற்குள் நந்தினி உட்கார்ந்திருந்தாள். நடந்ததைச் சொன்னாள்.

ஏரியில் இறாலும் மீனும் நன்றாகக் கிடைக்கும் இடங்கள் சில உண்டு. எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை போட முடியாது. அதனால் ஊரார் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். இன்றைக்கு உன் பாடு என்றால் அந்த இடம் இன்றைக்கு உன்னுடையது. அடுத்தவன் படகு உள்ளே நுழையக்கூடாது. ஒன்பது நாளுக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, வேலம்மா என்ற விதவையின் ஒரே மகன் பிரவீனின் பாடு. விடிந்தும் பனி விலகவில்லை. தனியாகப் போனவன். படகு கவிழ்ந்து, சொந்த வலையிலேயே கால் சிக்கிக்கொண்டது. பத்து மணிக்குத்தான் உடலை எடுத்தார்கள்.

"அவன் கத்துனது முத்துராஜ் மாமாவுக்குக் கேட்டுச்சாம். அவரு தூரத்துல இருந்தாரு. நடுவுல கொஞ்சம் பனி விலகுனப்ப பாத்தாராம். எங்க நைனா படகு அவனுக்குக் கிட்ட இருந்துச்சாம். நைனா தலையத் தூக்கிப் பாத்துட்டு, படக அந்தப் பக்கமாத் திருப்பிக்கினு பூட்டாராம்."

"அப்பாவுக்கும் பிரவீனுக்கும் ஏதாவது மனஸ்தாபமா?"

"போன மாசம் எங்க படகு தெரியாம அவன் பாட்டுல பூந்துடுச்சு. பெரிய சண்ட. ஊர்க்கூட்டத்துல நைனா கும்புட்டு மன்னிப்புக் கேட்டாரு. இனிமே உன் பாடு இருக்கிற பக்கம் தல வச்சிகூடப் படுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணாரு. அந்தக் கோவத்துலதான் அவன உட்டுட்டு வந்துட்டாருன்றாங்க. ஞாயித்துக்கெழம கூட்டம். பாட்டுச் சீட்டுலேர்ந்து அவரு பேர எடுக்கப் போறாங்க, ஆயுசுக்கும்."

ஏரியே இல்லாமல் ஒரு மீனவன் என்ன செய்வான் என்று அவள் விளக்கவில்லை. விளக்கத் தேவையும் இல்லை.

"வேலம்மா அத்த எங்க வூட்டாண்ட வந்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க மேடம். 'எம்புள்ள கூப்ட்டது உங்கப்பனுக்குக் கேட்டுச்சா, இல்லியா? அத மட்டும் சொல்லச் சொல்லு.' கேக்கலன்னாரு. யாரும் நம்பல."

"நீ நம்புறியா?"

நந்தினி மேசைமேல் கிடந்த சீட்டை மறுபடியும் மடித்தாள். தகப்பனைப் பற்றிய கேள்விக்கு மகள் அப்படித் தயங்குவதைப் பார்க்க சந்தோஷுக்கு என்னவோ போலிருந்தது.

"தெர்ல மேடம். வூட்ல கூப்ட்டாத் திரும்ப மாட்டாரு. ஆனா இஞ்சின் படகுல, அந்த எரைச்சல்ல, நாம சொல்றதுக்கு டக்கு டக்குனு பதில் சொல்லுவாரு. மீன் ஏலத்துல யாரு இன்னா கேட்டாங்கன்னு எல்லாம் தெரியும். செவுடுங்கன்னா கத்திப் பேசுவாங்க, இவரு குசுகுசுன்னுதான் பேசுவாரு. அதோட, தண்ணியில கழிய ஊணிக்கினு மீனு எங்க இருக்குன்னு கேட்டே சொல்லுவாரு. எங்க குப்பத்துல அவரு அளவுக்கு யாராலயும் முடியாது. செவுடனுக்கு மீனு சத்தம் கேக்குமா?"

"வேணும்போது கேக்குது, வேணாம்னா கேக்கல," என்றான் சந்தோஷ். பத்து நிமிடத்துக்குமேல் அவனால் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

தேவி அவன் பக்கம் திரும்பவே இல்லை. "நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வாம்மா," என்றார்.

மறுநாள் சுப்பராயலு வந்தார். ஐம்பத்தெட்டு வயது, கறுத்து இறுகிய உடம்பு. வெள்ளைச் சட்டை அயர்ன் மடிப்புக் கலையாமல் இருந்தது. தேவி இரண்டு காதிலும் விளக்கடித்துப் பார்த்தார். சவ்வுகள் சுத்தமாக இருந்தன. ஓட்டையோ சீழோ இல்லை. தலையைத் திருப்பியபோது வலது காதுக்குக் கீழே, தாடை எலும்பின்மேல், ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் காய்த்துப்போய்ப் பளபளத்த ஒரு கறுப்புத் தழும்பு தெரிந்தது. சவரக் கத்தி பட்டது போலிருக்கிறது என்று நினைத்தான் சந்தோஷ். தேவி அதைக் கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார்; ஒன்றும் கேட்கவில்லை.

"ஐயா, இந்த முறை நீங்க பொத்தான் அமுக்க வேணாம், கையும் தூக்க வேணாம். படுத்துத் தூங்குங்க, போதும்," என்று காதருகே குனிந்து உரக்கச் சொன்னார்.

"தூங்கறதா? அது நல்லா வரும்மா," என்றார் அவர், பக்கத்தில் நின்றவனுக்கே எட்டாத குரலில்.

நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சந்தோஷ் மின்முனைகளை ஒட்டினான். சத்தம் காதுக்குள் போனால் மூளைத்தண்டு வரையில் மின் அலை ஒன்று ஓடும். அதைத் திரையில் பார்க்கலாம். தூங்குகிறவனுக்கும் கைக்குழந்தைக்கும் அது ஓடும். பொய் சொல்ல நினைப்பவனால் அதை நிறுத்த முடியாது. கேட்காததைக் கேட்டதாகக் காட்டவும் வழியில்லை. இயந்திரத்தின் இந்தக் குணம்தான் சந்தோஷுக்கு ரொம்பப் பிடிக்கும்.

முதலில் காதுக்குள் வைத்த ஒலிப்பான் வழியாகச் சத்தம். எழுபது டெசிபலில் அலை தெரிந்தது, அதுவும் வழக்கத்தைவிடத் தாமதமாக. அறுபதில் வெறும் கோடு. இரண்டு காதும் அப்படியே. பக்கத்தில் உட்கார்ந்து பேசினால்கூடப் பாதி போய்ச் சேராத காதுகள். பிறகு காதுக்குப் பின்னாலுள்ள எலும்பின்மேல் சின்ன அதிர்வுக் கட்டை ஒன்றை வைத்து, மற்றக் காதை இரைச்சலால் மறைத்துவிட்டு, மறுபடியும் தொடங்கினார் தேவி. நாற்பது. முப்பது. இருபது. பதினைந்திலும் அலை ஜம்மென்று நின்றது.

"மேடம்!" என்று சந்தோஷ் போட்ட சத்தத்தில் நந்தினி எழுந்துவிட்டாள். சுப்பராயலு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

தேவி நந்தினிக்கு விளக்கினார். "சவ்வுக்குப் பின்னால மூணு குட்டி எலும்பு இருக்கும்மா. காத்துல வர்ற சத்தத்தை அதுங்கதான் உள்ளே கடத்தணும். உங்க அப்பாவுக்குக் கடைசி எலும்பு இறுகிப்போயிருக்கணும். வாசல் கதவு சாத்தியிருக்கு, வீட்டுக்குள்ள விளக்கு நல்லாவே எரியுது. அதனால சவ்வைப் பார்த்தா ஒண்ணும் தெரியாது. அவர் குரல் அவருக்கு எலும்பு வழியா பலமாக் கேக்குறதால மெதுவாப் பேசுறார். இரைச்சல்ல நாம எல்லாரும் கத்திப் பேசுவோம். அந்த இரைச்சல் அவரைத் தொந்தரவு பண்ணாது, நம்ம கத்தல் மட்டும் போய்ச் சேரும். இருநூறு மீட்டர் தள்ளி ஒருத்தன் கத்தினா கேக்கவே கேக்காது."

"அப்ப நைனா நடிக்கல," என்றாள் நந்தினி. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"நடிக்கல. அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். ஜெனரேட்டர் சத்தத்துல நான் கத்தினேன், அவர் சரியாத் திருப்பிச் சொன்னார். ஹெட்ஃபோன் மாட்டினதும் பொத்தானை அழுத்தல. ரெண்டும் ஒத்துவரலைன்னு எழுதிட்டேன். எலும்பு வழியாப் பார்த்திருந்தா ஒத்துவந்திருக்கும். அந்தக் கட்டையை நான் கேம்புக்குக் கொண்டு வரல."

'நான்' என்றார். பெட்டியில் எடுத்து வைக்க மறந்தவன் சந்தோஷ். அது இருவருக்கும் தெரியும். திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்குப் பட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நந்தினி தகப்பனை எழுப்பப் போனதும், "முடிஞ்சுது மேடம். ஞாயித்துக்கிழமை இந்தப் படத்தை நீட்டிட்டா கேஸ் க்ளோஸ்," என்றான்.

"அவர் தலையைத் தூக்கினதை முத்துராஜ் பார்த்திருக்கார், சந்தோஷ். கேக்காதவர் எதுக்குத் தலையைத் தூக்கினார்? எதுக்குப் படகைத் திருப்பினார்?"

தேவி தம் தாடையை விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே சன்னலைப் பார்த்தபடி நின்றார்.

ஞாயிறு காலை இருவரும் குப்பத்துக்குப் போனார்கள். கூட்டம் நாலு மணிக்கு. முத்துராஜ் கரையில் வலையைக் கொட்டி இறாலைப் பிரித்துக்கொண்டிருந்தார். மறைக்க ஒன்றுமில்லாதவர்போலத் தெளிவாகப் பேசினார்.

"மூணு வாட்டி கத்துனான்மா. 'யாராச்சும் வாங்க'ன்னு. நல்லாக் கேட்டுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் சத்தமில்ல. சுப்பராயலு திரும்புனத அதுக்கப்பாலதான் பாத்தேன்."

தேவி மேற்கொண்டு எதையும் கேட்கவில்லை. இன்னொரு கேள்வி பாக்கியிருந்தது என்பது சந்தோஷுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வேலம்மா வீட்டில் பிரவீனின் படத்துக்குமுன் ஒரு தகர டப்பா இருந்தது. படகில் சேரும் தண்ணீரை இறைத்துக் கொட்டுகிற பழைய எண்ணெய் டப்பா. அதன் ஒரு விளிம்பு மட்டும் நசுங்கி உள்ளே மடிந்திருந்தது.

"கையில புட்ச்சிக்கினே இருந்தான்மா. பிரிச்சு எடுக்க முடியல," என்றாள் வேலம்மா. "வெரலு மொட்டியெல்லாம் தோலு உரிஞ்சிருந்துச்சு. நீங்க மிஷின்ல பாத்தீங்களாமே. அவருக்குக் கேட்டுச்சா?"

"சாயந்திரம் சொல்றேன்மா," என்றார் தேவி. அந்த டப்பாவைப் பார்த்த பிறகு அவர் முகம் வாடிப்போயிருந்ததை சந்தோஷ் கவனித்தான்.

வெளியே வந்ததும் தேவி நந்தினியிடம் கேட்டார். "மீனை வலைக்கு விரட்டணும்னா எப்படிம்மா செய்வீங்க?"

"படகோட பக்கத்துல தட்டுவோம் மேடம். கட்டையாலயோ டப்பாவாலயோ. சத்தத்துக்கு மடவ மீனெல்லாம் ஓடிப்போயி வலையில பூரும்."

"பாடு இருக்கிறவன் தட்டும்போது பக்கத்துல வேற படகு இருந்தா?"

"இருக்கக் கூடாது. மீனு கலஞ்சிடும். தட்டுற சத்தம் கேட்டா நாமளா ஒதுங்கிப் போயிடணும், அதான் மொற."

சந்தோஷுக்கு அப்போதும் பிடிபடவில்லை. சொன்னதைச் செய்தான். சுப்பராயலுவின் படகில் தேவி ஏறிக்கொண்டார். இன்னொரு படகில் நந்தினி சந்தோஷை ஏற்றிக்கொண்டு இருநூறு மீட்டர் தள்ளிப் போய் நிறுத்தினாள். அவன் ஆசை தீரக் கத்தினான். 'யாராச்சும் வாங்க' என்ற அந்த வார்த்தைகளையே தொண்டை கம்மும்வரை கத்தினான். கரையில் துணி துவைத்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். முதுகைக் காட்டி நின்ற சுப்பராயலு அசையவில்லை.

கைப்பேசி அடித்தது. "இப்ப டப்பாவால படகைத் தட்டு," என்றார் தேவி.

நந்தினியின் படகில் கிடந்த டப்பாவை எடுத்து, தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்த படகின் பக்கத்தில் தட்டினான் சந்தோஷ். தூரத்தில் சுப்பராயலு தண்ணீரில் ஊன்றிய கழியின் தலையைத் தாடையில் வைத்தபடி மீனுக்காகக் காது கொடுத்து நின்றிருந்தார். தழும்பு இருந்த அதே இடம். சந்தோஷ் இன்னும் நாலு தட்டுத் தட்டினான். அவர் தலை நிமிர்ந்தது. கழியைப் பிடுங்கி ஊன்றி, படகைத் திருப்பி, மறுபக்கமாகத் தள்ளத் தொடங்கினார்.

முத்துராஜ் பார்த்தது இதைத்தான். அச்சு அசலாக இதையேதான்.

பாதித் திருப்பத்தில் அந்தப் படகு நின்றது. தேவி ஏதாவது சொன்னாரா, அவருக்கே உறைத்ததா, சந்தோஷுக்குத் தெரியாது. கழி கையிலிருந்து நழுவித் தண்ணீரில் மிதந்து போனதும், அவர் பலகையில் உட்கார்ந்ததும் மட்டும் தெரிந்தன. நந்தினி தன் படகை வேகமாகத் தள்ளினாள். பக்கத்தில் போனபோது சுப்பராயலு சந்தோஷின் கையிலிருந்த டப்பாவையே பார்த்தார்.

"மீனு வெரட்டறான்னு நெனச்சேன்," என்றார்.

கரையேறிய பிறகு தேவி சந்தோஷிடம் தனியாகச் சொன்னார். "முன்னாடியே சொல்லியிருந்தா அவர் திரும்பியிருக்க மாட்டார். எனக்கு உண்மை வேணும்னு சொல்லாமச் செஞ்சிட்டேன். தப்பு பண்ணிட்டேன் சந்தோஷ். ரெண்டாவது தடவை."

வலை உலர்த்தும் கொட்டகையில் நாலு மணிக்கு ஊர் கூடியது. தேவி முதலில் அந்தப் பழைய சீட்டைத் தூக்கிக் காட்டினார். இதில் எழுதியிருப்பது தவறு, எழுதியவள் நான், தவறும் என்னுடையது என்று சொல்லி எல்லோர் எதிரிலும் அதன் குறுக்கே கோடு போட்டுக் கையெழுத்திட்டார். பிறகு திரையில் வந்த அலைகளின் படத்தைக் காட்டி, எழுபதையும் பதினைந்தையும் புரியும்படி விளக்கினார். காற்றில் வந்த கூப்பாடு சுப்பராயலுவுக்குக் கேட்டிருக்க வழியே இல்லை என்றார். தலைவர் பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்துத் தலையசைத்தார். அதோடு விட்டிருந்தால் பெயர் சீட்டில் தங்கியிருக்கும். எல்லோரும் எழுந்து போயிருப்பார்கள். சந்தோஷ் மனதுக்குள் அதைத்தான் வேண்டிக்கொண்டான்.

"அப்ப இன்னாத்துக்குத் தலையத் தூக்குனாரு? இன்னாத்துக்குப் படகத் திருப்புனாரு?" என்று முத்துராஜ் எழுந்தார். "என் கண்ணால பாத்தேன்."

தேவி சுப்பராயலுவைப் பார்த்தார், அவ்வளவுதான். நந்தினி தகப்பன் காதருகே கேள்வியைத் திருப்பிச் சொன்னாள். மறைத்துச் சொல்ல அவளுக்கு வழி இருந்தது, மறைக்கவில்லை.

சுப்பராயலு எழுந்து நின்றார். அந்த மெல்லிய குரலைக் கேட்க எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"கத்துனது கேக்கல. தட்டுனது கேட்டுச்சு. தண்ணியில ஊணுன கழி வழியா தாடைக்கு வந்துச்சு. பனியில அவன் படகு தெரியல. அவன் பாடு, மீனு வெரட்டறான்னு நெனச்சேன். அவன் பாட்டாண்ட போவ மாட்டேன்னு இங்கதான் சத்தியம் பண்ணேன். இன்னொரு வாட்டி அவன் மனசு நோவக் கூடாதுன்னு ஒதுங்கிப் பூட்டேன். வேலம்மா, எனக்குக் கேட்டுச்சு தாயீ. கேக்கலன்னு உங்கிட்ட சொன்னது பொய்யாப் பூடுச்சு."

தேவி முத்துராஜ் பக்கம் திரும்பினார். அந்தப் பாக்கிக் கேள்வியை இப்போதும் அவர் கேட்கவில்லை. முத்துராஜ் தாமாகவே உட்கார்ந்தார்.

"எனக்கு நல்லாக் கேட்டுச்சு," என்றார் முத்துராஜ், தரையைப் பார்த்துக்கொண்டு. "கிட்ட அவரு இருந்தாரே, அவரு போவாருன்னு எறாலப் பிரிச்சிக்கினு இருந்தேன்."

பெயரை எடுக்க வேண்டாம் என்று தலைவர் சொன்னதை அநேகமாக யாரும் காதில் வாங்கவில்லை. வேலம்மா முந்தானைக்குள்ளிருந்து அந்த டப்பாவை எடுத்தாள். சுப்பராயலு பின்வாங்கினார், அடிக்க வருகிறாள் என்று நினைத்து. சந்தோஷும் அப்படித்தான் நினைத்தான்.

"அவன் கடைசியாக் கூப்ட்டது உனக்கு மட்டுந்தான் கேட்டிருக்குது," என்றாள் அவள். அவர் காதில் விழாது என்று நந்தினி எடுத்துச் சொல்ல வந்ததைக் கையால் தடுத்துவிட்டு, அவர் தோளைப் பிடித்து இழுத்துக் காதோடு சொன்னாள். "எப்படித் தட்டுனான்? எனக்குத் தட்டிக் காட்டு."

கொட்டகைக்கு வெளியே பிரவீனின் படகைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். சுப்பராயலு அதன் பக்கத்தில் மண்டியிட்டார். வேலம்மாவிடமிருந்து டப்பாவை வாங்கிக்கொண்டார். மூன்று தட்டு, கொஞ்சம் நிறுத்தி மறுபடி மூன்று. சரியாக வருகிறதா என்று அவருக்கே தெரியவில்லை. தாடையைப் படகின்மேல் அழுத்தி வைத்துக் கேட்டுக்கொண்டே தட்டினார். வேலம்மா மறுபக்கத்தில் உட்கார்ந்து, அவரைப் போலவே கன்னத்தைப் படகில் வைத்துக்கொண்டாள்.

"எவ்ளோ நேரம் தட்டுனான்?" என்று கேட்டாள்.

அவருக்கு அது கேட்கவில்லை. தட்டிக்கொண்டே இருந்தார்.